வாங்கிய காளையா, சினை ஊசியா, இரவல் காளையா? கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

முதல் காளையைச் சுழி பார்த்துத்தான் வாங்கினோம். திமில் எடுப்பாக இருந்தது, சுழி சரியான இடத்தில் இருந்தது, நடையில் ஒரு மிடுக்கு. ஜோகூரில் குளுவாங் பக்கம் மாடு வைத்திருக்கும் மச்சானும் நானும் அன்று மாலையே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டோம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் முப்பது மாடுகளில் ஆறுதான் சினை. மருத்துவர் வந்து காளையின் விதைப்பையைக் கையில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் சிறுத்து, கல் மாதிரி இருந்தது. ஐந்து நிமிட வேலை. சுழி பார்த்த நேரத்தில் அதையும் பார்த்திருக்கலாம்.

சிங்கப்பூரில் மந்தை வைக்க இடம் கிடையாது. தேக்கா வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்ததற்கு பஃபலோ ரோடு என்ற பெயரும், எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் மிச்சம். ஆனால் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் செம்பனைத் தோட்டத்துக்குள் மாடு மேய்க்கும் அண்ணன், மச்சான், மாமன் நம்மில் பல பேருக்கு உண்டு. அவர்களோடு கூட்டுப் பணம் போட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: காளை வாங்கலாமா, காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டால் போதாதா, பக்கத்துத் தோட்டத்துக் காளையை இரவல் வாங்கினால் என்ன?

## எதை வைத்து எடை போடுவது

இறைச்சிக்கு வளர்க்கும் மந்தையில் பால் காசு கிடையாது. கன்றுதான் விளைச்சல். சினையாகாத மாடும் அதே புல்லைத்தான் தின்கிறது. அதனால் முதல் கேள்வி, வருடத்துக்கு எத்தனை கன்று உயிரோடு தரையில் விழுகிறது என்பது. இரண்டாவது, ஒரு கன்றுக்கு எவ்வளவு செலவு விழுகிறது. மூன்றாவது, வெளியிலிருந்து என்ன நோய் உள்ளே வரும். நான்காவது, தாய் சிரமமில்லாமல் ஈனுமா, பிறக்கும் கன்று நம் சந்தைக்கு ஏற்றதா.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. தூரத்தில் இருக்கும் பங்காளிக்கு மற்ற நாலையும்விட அதுதான் பெரிது: விடியற்காலை ஆறு மணிக்கு மாட்டுப் பக்கத்தில் நிற்கப்போவது யார்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து உட்லண்ட்ஸ் நெரிசலில் நின்று போய்ச் சேர்கிற நாம் இல்லை. அங்கே இருப்பவருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பழக்கம் என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காளையின் வம்சப் பத்திரத்தை அப்புறம் பார்க்கலாம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. விவரம் கீழே.

| வழி | சினை பிடிப்பது | வெளியே தெரியாத செலவு | நோய் பயம் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வாங்கிய காளை | சோதித்த காளையானால் மிக நன்று | வேலி, தீனி, ஆள் பாதுகாப்பு, மலட்டுக் காளை வாங்கும் ஆபத்து | வாங்கும்போது மட்டும் | 20 மாட்டுக்கு மேல், ஆள் குறைவு |
| சினை ஊசி | பருவம் பார்க்கும் கண்ணைப் பொறுத்தது | தவறவிட்ட ஒவ்வொரு 21 நாளும் | மிகக் குறைவு | 10 மாட்டுக்குக் கீழ், நாள் முழுக்க ஆள் |
| இரவல் காளை, வாரக் (பங்குக்கு விடும்) காளை | காளையைப் பொறுத்தது | நம் நேரத்துக்குக் கிடைக்காது | மிக அதிகம் | சோதனை செய்த இரண்டு அண்டை வீட்டார் |
| சொந்தக் கன்று | இரண்டு வயதுக்கு மேல் நன்று | இரத்த நெருக்கம் | இல்லை | பதிவேடு வைத்திருப்பவர் |

## வாங்கிய காளை

விதைப்பையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். மேல்நாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 15 மாதக் காளைக்கு 30 செ.மீ., இரண்டு வயது தாண்டியதற்கு 34 செ.மீ. திமில் உள்ள நம்மூர் வகைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் வயதுக்கு வரும். அதனால் 15 மாதத்தில் அளந்து கழித்துவிட வேண்டாம், இரண்டு வயதில் அளந்து பாருங்கள். அதே சோதனையில் விந்தை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், குறைந்தது 30 சதவிகிதம் நேராக நீந்த வேண்டும், 70 சதவிகிதம் உருவம் கெடாமல் இருக்க வேண்டும். விற்கிறவர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

விந்து உருவாகி வெளியே வர ஏறத்தாழ 60 நாள் ஆகும். போன மாதம் காய்ச்சல் வந்த காளை இன்று தெம்பாக நிற்கலாம், ஆனால் விந்து கெட்டிருக்கும். லாரியில் வெயிலில் வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். விதைகள் உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே மாட்டோடு சேர்க்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, தனியாகக் கட்டி, நிழலும் தண்ணீரும் கொடுத்து வைக்க வேண்டும். அதற்குள் மற்ற நோய்ச் சோதனைகளும் முடிந்துவிடும்.

நல்ல விந்து இருந்தும் ஏறாத காளை உண்டு. ஆசை வேறு, விந்து வேறு. கால், குளம்பு, கண் மூன்றும் சரியாக இருந்தால்தான் நடந்து தேடிப்போகும். பின்னங்கால் நேராக, குச்சி மாதிரி நிற்கும் காளையை நான் வாங்குவதில்லை, இரண்டு வருடத்தில் மூட்டு போய்விடும். செம்பனைத் தோட்டக்காரர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திமில் வகைகளில் குறியின் உறை சில காளைக்கு முழங்கால் வரை தொங்கும். வெட்டிப்போட்ட மட்டையின் முள் அதில் கிழித்தால் அந்தப் பருவம் போச்சு.

எத்தனை மாட்டுக்கு ஒரு காளை? முதிர்ந்ததற்கு 25 முதல் 30 வரை. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் பதினைந்தோடு நிறுத்துங்கள். இரண்டு காளையை ஒரே மந்தையில் விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பலசாலி மலடாக இருந்தால், தானும் பயனில்லை, மற்றதையும் விடாது. எங்கள் முதல் காளை அப்படித்தான் ஒரு நல்ல இளங்காளையை வேலியோரத்திலேயே நிறுத்திவைத்தது.

இனம் பற்றிச் சண்டையே போடுவார்கள். மலேசியாவின் கெடா-கிளந்தான் மாடு சின்னது, ஆனால் வெயிலைத் தாங்கும், தவறாமல் சினை பிடிக்கும். அதோடு பிராமன் இனத்தைக் கலந்து மார்டி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதுதான் பிராக்மாஸ். பிராமன் என்ற பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று மயங்க வேண்டாம், அது நம் இந்தியத் துணைக்கண்டத்து மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவானது. பிரேசில்காரர்கள் நெலோர் என்று மந்தை மந்தையாக வளர்ப்பதும் ஆந்திராவின் ஓங்கோல் மாட்டு வழிதான்.

நான் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு. சின்ன உடம்புள்ள கெடா-கிளந்தான் கிடாரிக்கு சாரொலே மாதிரி பெரிய இனத்தைச் சேர்த்தால், முதல் பிரசவத்தில் கன்று மாட்டிக்கொண்டு தாயும் கன்றும் போகலாம். பிறப்பு எடை பெரும்பாலும் பரம்பரையில் வருவது, அதனால் கிடாரிகளுக்குச் சிறிய கன்று போடும் காளைதான் சரி. இன்னொன்று பாலி மாடு. ஜோகூரில் இது அங்கங்கே கிடைக்கும். இதைச் சாதாரண மாட்டோடு கலந்து பிறக்கும் முதல் தலைமுறை ஆண் கன்று மலடு. கலப்புப் பிறவி என்று சொல்லி யாராவது அழகான சிவப்புக் காளையைக் காட்டினால், தாய் தகப்பன் யார் என்று கேட்காமல் கை நீட்டாதீர்கள்.

இப்போது பணம். ஒரு கணக்குக்கு, காளை விலை 9,000 ரிங்கிட், மூன்று வருடம் வைத்திருந்து 6,000க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருடத்துக்கு 1,000. தீனி, மருந்து, உப்புக்கட்டி 2,000. மொத்தம் 3,000. வருடம் 22 கன்று விழுந்தால் கன்றுக்கு சுமார் 136 ரிங்கிட். இதையே 6,000 ரிங்கிட்டுக்குச் சோதிக்காத காளையை வாங்கி 8 கன்று மட்டும் விழுந்தால்? காளையில் மிச்சம் பிடித்தது 3,000. பிறக்காத 14 கன்றை ஒன்றுக்கு 2,000 என்று போட்டால் நஷ்டம் 28,000. வருகிற சிக்கனக்காரப் பங்காளிகளுக்கு எல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

வேலி, கயிறு, ஆளை முட்டும் பயம் இதெல்லாம் தனி. காளைக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, குழந்தைகளை உள்ளே விடக் கூடாது. கன்றிலிருந்து கொஞ்சி வளர்த்த காளைதான் சில சமயம் அதிகம் முட்டும், ஏனென்றால் அதற்கு மனிதனிடம் பயமே இல்லை.

## சினை ஊசி

காகிதத்தில் இதுதான் ஜெயிக்கும். உலகத்தில் எங்கோ இருக்கும், சோதித்த, கன்றுகளின் எடை பதிவான காளையின் விந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து நம் கொட்டகைக்கு வருகிறது. தீனி கிடையாது, முட்டுவது கிடையாது, புணர்ச்சியில் தொற்றும் நோய் ஏறக்குறைய கிடையாது. ஆஸ்திரேலியாவின் பிரீட்பிளான் போன்ற கணிப்பில் பிறப்பு எடை, வளர்ச்சி எல்லாம் எண்ணாகவே இருக்கும்.

சிக்கல் தோட்டத்தில். பசு 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். காளை ஏற நின்று கொடுக்கும் நேரம் மேல்நாட்டு இனங்களில் அரை நாள் போல இருக்கும். திமில் மாட்டில் இன்னும் குறைவு, பாதி நேரம் ராத்திரியில் வந்து போய்விடும். காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை ஊசி என்பது வழக்கம். பார்க்கிறவர் பார்க்காவிட்டால் ஒன்றுமே இல்லை.

எண்ணாகப் பாருங்கள். எல்லா மாடும் ஒழுங்காகப் பருவத்துக்கு வருகிறது என்றே வைப்போம். வந்த பருவத்தில் பாதியைத்தான் கண்டுபிடிக்கிறோம், போட்ட ஊசியில் பாதி நிற்கிறது. அப்படியானால் ஒரு சுற்றில் நூற்றுக்கு 25 சினை. மூன்று சுற்று, அதாவது 63 நாள் முடிவில் நூற்றுக்கு 58. நல்ல காளை ஒரு சுற்றில் 60 பிடித்தால் அதே 63 நாளில் 94. முப்பது மாட்டில் பதினேழா, இருபத்தெட்டா என்பதுதான் வித்தியாசம். ராத்திரி மூன்று மணிக்கும் கண் விழித்திருக்கிறது காளை. அதற்குச் சம்பளம் கிடையாது.

ஹார்மோன் வைத்து எல்லா மாட்டையும் ஒரே நாளில் பருவத்துக்கு வரவைக்கும் முறை உண்டு. பிறப்புறுப்புக்குள் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கருவியை வைத்து எடுத்து, நேரம் குறித்து ஊசி போடுவது. பருவம் பார்க்கும் வேலையே இல்லை. ஆனால் மாட்டைப் பத்து நாள் போல மூன்று நாலு தடவை கூண்டுக்குள் அடைக்க வேண்டும். தோட்டத்தில் நெருக்கி நிறுத்தக் கூண்டு இல்லையென்றால் அந்தச் செலவையும் சேருங்கள். மெலிந்த மாட்டுக்கு இது சரியாக வேலை செய்யாது. உடம்பில் சதை இல்லாத மாட்டுக்கு எந்த வழியுமே வேலை செய்யாது. முதலில் செம்பனைப் புண்ணாக்கைக் கொடுத்துத் தேற்றுங்கள்.

ஊசி போடும் ஆளின் கையும் கணக்கில் வரும். விந்து உறைந்திருக்கும் குச்சியை 35 முதல் 37 டிகிரி தண்ணீரில் முப்பது நாற்பது நொடி வைத்து உருக்கி, துடைத்து, சூடு ஆறாமல் உள்ளே போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் நின்று பேசிக்கொண்டே போட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த மாதம் ஒன்றும் நிற்கவில்லை, பழி மாட்டின் மேல்தான் விழுந்தது.

பத்து மாட்டுக்குக் கீழே, வீட்டோரத்தில் கட்டி வைத்திருக்கிறீர்கள், அம்மா நாள் முழுக்கக் கண்ணில் வைத்திருக்கிறார் என்றால் ஊசிதான் சரி. இரண்டு மூன்று மாட்டுக்காக ஒரு காளைக்குத் தீனி போடுவது கட்டுபடியாகாது.

## இரவல் காளையும் வாரக் காளையும்

நம் ஊரில் கோயில் காளை இருந்தது. அது ஊர் முழுக்கச் சுற்றும், யார் பசுவுக்கும் கேள்வி கிடையாது. ஜோகூர் தோட்டங்களிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் காளை, பிறக்கும் கன்றில் பங்கு என்ற வாரத்துக்கு, இல்லாவிட்டால் சும்மா நட்புக்கு. மலாய்க்காரர்கள் மாட்டை வாரத்துக்கு விடுவதை பவா என்பார்கள். செலவு இல்லை, உறவு வளர்கிறது, மனசுக்கும் நன்றாக இருக்கிறது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காரணம் நோய். டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி காளையின் உறைத் தோலில் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும், வயதான காளையில் அதிகம். காளைக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. பசு சினை பிடித்து, ஒன்றிரண்டு மாதத்தில் கரு கலைந்து, மறுபடி பருவத்துக்கு வரும். காம்பிலோபாக்டர் என்ற கிருமியும் இதே வேலையைச் செய்யும். மாடு மலடு என்று விற்றுவிடுவார்கள். உண்மையில் இரவல் காளை எல்லா வீட்டுக்கும் நோயைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கும். புருசெல்லா இன்னும் மோசம், கன்று கலைந்து விழும்போது நஞ்சுக்கொடியைத் தொடுகிற மனிதருக்கும் ஒட்டும். தோல் கழலை நோய் 2021இல் மலேசியாவுக்கும் 2022இல் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது, அதுவும் காளையின் விந்தில் இருக்கக்கூடியதுதான். கோமாரி அங்கே எப்போதும் இருக்கும் ஒன்று.

இரண்டு அண்டை வீட்டார், இரண்டு பேருமே வெளி மாடு சேர்க்காதவர்கள், காளை சோதிக்கப்பட்டது, இருவர் பணமும் பாதி பாதி என்றால் மட்டும் இரவலுக்குச் சம்மதம். அதிலும் ஒரு தகராறு உண்டு: எல்லாருக்கும் ஒரே மாதத்தில்தான் காளை வேண்டும்.

## சொந்தக் கன்றை வைத்துக்கொள்வது

இலவசம், மண்ணுக்குப் பழகியது, தாயைத் தெரியும். வருடா வருடம் தவறாமல், சீக்கிரமாக ஈன்ற தாயின் கன்றைத்தான் எடுக்க வேண்டும். பெரிய கன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே பிரச்சினை, அந்தக் காளை அதன் அக்கா தங்கைகளையே ஏறும். தகப்பன் தன் மகளை ஏறினால் கன்றில் இரத்த நெருக்கம் 25 சதவிகிதம். கன்று சிறுக்கும், சாவு கூடும், கருப்பிடிப்பு குறையும். இப்படி வளர்த்த காளையைப் பக்கத்துத் தோட்டத்துக் காளைக்கன்றோடு மாற்றிக்கொள்வதுதான் நல்ல வழி. சோதித்த பிறகு, நிச்சயமாக.

ஒரு மூடிய மந்தையில் கடைசியாக வந்த மூன்று காளைகள், அடுத்து பிறக்கும் கன்றின் பரம்பரையில் 87.5 சதவிகிதம். கடைசிக் காளை பாதி, அதற்கு முந்தையது கால், அதற்கு முந்தையது அரைக்கால். நல்ல பசுக்களை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினாலும், ஆறேழு வருடத்தில் மந்தை காளைகளின் மந்தையாகிவிடும்.

## எங்கள் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம்

முப்பது மாட்டுக்கு ஒரு வாங்கிய பிராக்மாஸ் காளை. கிடாரிகள் ஐந்தாறு மட்டும் வீட்டோரம் கட்டி, சிறிய கன்று போடும் காளையின் விந்தை ஊசியில் போடுகிறோம். நிற்காததைக் காளையிடம் விட்டுவிடுகிறோம். மச்சானுக்கு அந்த ஆறு மாட்டைக் கவனிக்கத்தான் நேரம் இருக்கிறது. முப்பதுக்கும் ஊசி என்று நான் சிங்கப்பூரிலிருந்து சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் எங்கள் உறவே கெட்டிருக்கும்.

காளையை வருடம் முழுக்க விடுவதில்லை. மூன்று மாதம், அப்புறம் தனியே. கன்றுகள் எல்லாம் ஒரே வயதில் நிற்கும், விற்பனை சுலபம். காளையைப் பிரித்து இரண்டு மாதம் கழித்து மருத்துவர் கை விட்டுச் சினை பார்ப்பார். காலி மாடு அப்போதே தெரிந்துவிடும். சேர்க்கும்போது காளை நடுத்தரச் சதையோடு இருந்தால் போதும், பருவத்தில் எப்படியும் நூறு கிலோ வரை இறங்கும். கொழுத்த காளை சோம்பேறி.

எந்த மூன்று மாதம் என்பதைப் பெருநாள் முடிவு செய்கிறது. குர்பானிக்கு மாடு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏழு பங்கு வைக்கலாம், விலை அப்போதுதான் உச்சம். ஹஜ்ஜுப் பெருநாள் வருடத்துக்குப் பத்து பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2029இல் அது ஏப்ரல் கடைசியில் வரும். அதற்குள் இரண்டு வயது முடிய வேண்டுமென்றால் கன்று 2027 ஏப்ரலுக்குள் பிறக்க வேண்டும், தாய் ஒன்பதரை மாதம் முன்பு, அதாவது 2026 ஜூலை முதல் பாதிக்குள் சினையாகியிருக்க வேண்டும். காளையை ஏப்ரலில் சேர்க்கிற கணக்கு அப்படி வந்தது. ஒரு சுற்று தவறி 21 நாள் தள்ளிப் பிறந்த கன்று, நாளுக்கு 600 கிராம் வளர்ந்தால் சுமார் பன்னிரண்டரை கிலோ குறைவாக நிற்கும். அதைவிட, பெருநாள் அன்று வயது பத்தாமல் போனால் ஒரு வருடம் சும்மா தீனி.

என் வேலை இப்போது தொலைபேசியில்தான். காளையை உள்ளே விட்ட நாளிலிருந்து எந்த மாட்டை ஏறியது என்று மச்சான் எண்ணைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்புவார், நான் எழுதி வைப்பேன். 21ஆம் நாள் அதே மாடு மறுபடி நிற்கிறதா என்று கேட்பேன். ஒன்றிரண்டு திரும்பினால் பேசாமல் இருப்பேன். பத்தில் ஆறு திரும்பினால் அந்த வார இறுதிக்குள் மருத்துவரைக் கூப்பிடச் சொல்வேன். முதல் காளைக்கு இதைச் செய்திருந்தால் எட்டு மாதம் போயிருக்காது, ஒரே மாதத்தில் தெரிந்திருக்கும்.

இந்தக் காளையை வாங்கி இரண்டு வருடமாகிறது. அதன் முதல் மகள்கள் அடுத்த வருடம் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் இதை விற்று வேறு பார்க்க வேண்டும். மச்சானுக்கு மனசில்லை, அவ்வளவு சாது. வேறு ஒரு இடத்தில் ஒரு காளை இருக்கிறதாம், சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம். நாடாவை நான் எடுத்துப்போகிறேன்.